சமத்துப் பிள்ளை

எங்கள் தெருவில், பெற்றவர்கள் அமெரிக்காவில் இருக்க இங்கே வளர்ந்த முதல் குழந்தை எங்கள் வீட்டுக் குழந்தைதான். இன்றைக்கு நம்மில் பாதிப் பேருக்கு மகனோ மகளோ அங்கே இருக்கிறார்கள். சாயங்காலம் சர்ச் மைதானத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால், மூட்டுவலிக்கு அடுத்தபடி நாம் பேசுவது அந்த ஊர்க் குளிரைத்தான். அப்போது அப்படி இல்லை. என் அப்பா காஞ்சிபுரத்தில் டவுன் பஸ் டிரைவர். அவர் பஸ் போய்த் திரும்புகிற தென்னேரி ஏரிக்கரையோடு எனக்கு உலகம் முடிந்துவிடும்.

சித்தி என் அம்மாவின் ஒரே தங்கை. எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நடாத முதல் பெண் அவள்தான். நர்ஸுக்குப் படித்தாள். கல்யாணமான மறு வருஷமே அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். பின்னாலேயே சித்தப்பாவும் போனார். அங்கே பெண் குழந்தை பிறந்தது. சித்திக்கு இரவு டியூட்டி. சித்தப்பா பகலில் படித்துவிட்டு மாலையில் பெட்ரோல் பங்கில் நின்றார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அது தவழ ஆரம்பித்த சமயத்தில் சித்தி தூக்கிக்கொண்டு வந்து அம்மா மடியில் வைத்தாள்.

“ஒரு வருசம் மட்டும்க்கா. அவரு படிப்பு முடிஞ்சதும் வந்து கூட்டிக்கினு போயிடறேன்.”

“ஒரு வருசமோ பத்து வருசமோ, என் வயித்துல பொறந்ததா நெனச்சிக்கிறேன், நீ போ,” என்றாள் அம்மா.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. என் வயிற்றில் பிறந்ததாக என்று அவள் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை என்பது இப்போது புரிகிறது. ஒரு வருஷம் என்றது நாலு வருஷத்தையும் தாண்டிப் போனது.

அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் பாப்பாதான். அவளுக்கு என் அம்மா அம்மா, என் அப்பா அப்பா, நான் ‘க்கா’. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா பீரோவைத் திறந்து சித்தியின் போட்டோவைக் காட்டுவாள். “இது யாரு?” பாப்பா “அமெரிக்காம்மா” என்று ஒரே சொல்லாகச் சொல்லுவாள். சுவரில் இருக்கும் மேய்ப்பர் படத்தைக் காட்டினால் “ஏசப்பா” என்பாள் அல்லவா, அதே குரல். சொன்ன கையோடு ஓடிவிடுவாள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறை இருந்தது. சாக்கடையில் ஒரு நாள் மயில்கழுத்து நிறத்தில் தண்ணீர் ஓடும், ஒரு நாள் அரக்கு. காலையில் கண் விழித்ததும் பாப்பாவுக்கு அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் முதல் வேலை. அடுப்படிக்கு ஓடிவந்து, “இன்னிக்கு மஞ்சமா!” என்று கத்துவாள். அம்மா தோசைக்கரண்டியோடு திரும்பி ஆச்சரியப்பட்டாக வேண்டும். ஆச்சரியம் போதவில்லை என்றால் இன்னொரு முறை கத்துவாள்.

அந்த நாட்களில் பாப்பா சமத்தே கிடையாது. அப்பா டியூட்டிக்குக் கிளம்பினால் காலைக் கட்டிக்கொண்டு வாசல் வரை இழுபடுவாள். தலைவார உட்காரவைத்தால் சீப்பைப் பிடுங்கி எறிவாள். என் ஜியாமெட்ரி பாக்ஸில் வறுத்த கடலையைப் போட்டு ஆட்டி ஆட்டிச் சத்தம் எழுப்புவாள். பிடுங்கப் போனால் கையைக் கடிப்பாள். அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அம்மா அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே மாவாட்டுவாள், கோலம் போடுவாள், சண்டை போடுவாள். எனக்குப் பொறாமை இல்லாமல் இல்லை.

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடையில் சித்தி வந்தாள். சித்தப்பாவுக்கு அங்கே நல்ல வேலை கிடைத்துவிட்டது. சித்தியும் பகல் டியூட்டிக்கு மாறிவிட்டாள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஒரு மாத லீவில் அழைத்துப் போக வந்திருந்தாள்.

வாடகைக் காரிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெட்டி இறங்கியது. தெருவே எங்கள் வாசலில் நின்றது. சித்தி நடுவீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். பாப்பா அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“அமெரிக்காம்மா வந்துக்கிறாங்க பாரு. போ, போய் முத்தம் குடு,” என்றாள் அம்மா.

“போட்டோக்குள்ள போவச் சொல்லு,” என்றது புடவைக்குள்ளிருந்து குரல்.

எல்லோரும் சிரித்தோம். சித்தியும் சிரித்தாள். அப்புறம் பெட்டியைத் திறந்து கவுன்களை எடுத்துப் பாப்பாவுக்கு அளவு பார்த்தாள். ரோஜா நிறத்தில் ஒன்று, வெள்ளையில் பூப்போட்டது ஒன்று, இன்னும் என்னென்னவோ. எல்லாம் மூன்று வயதுப் பிள்ளைக்கு எடுத்தவை. ஒன்றுகூடத் தோளைத் தாண்டி இறங்கவில்லை.

“போட்டோல சின்னதா தெரிஞ்சாளேக்கா,” என்றாள் சித்தி.

அன்று அவள் குளிக்கப் போய் வெகுநேரம் வரவில்லை. உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கோடைத் தண்ணீர் வீணாகிறதே என்று நான் போய்க் கதவைத் தட்டினேன். பன்னிரண்டு வயதில் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

ஒரு வாரம் ஆயிற்று. சித்தி என்ன செய்தாலும் பாப்பா ஒட்டவில்லை. சித்தி சோறு ஊட்டினால் வாயில் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். நேராக அம்மாவிடம் போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் விழுங்குவாள். சித்தி தூக்கினால் உடம்பை மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொள்வாள். தூங்குவதென்றால் அம்மாவின் கை அவள் முதுகில் இருக்க வேண்டும்.

எதிர்வீட்டில் ஒரு டீச்சரம்மா இருந்தார். தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் எழுத்தறிவித்தவர். யார் வீட்டில் என்ன தகராறு என்றாலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஒரு மத்தியானம் அம்மாவும் சித்தியும் அவரிடம் சொல்லி அழுதார்கள். நான் கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“நீ இப்படி ஒட்டிக்கினு இருந்தா அது எப்பிடிமா அவகிட்ட போவும்?” என்றார் டீச்சரம்மா. “நீ கொஞ்சம் வெறுப்பா நடந்துக்க. தூக்காத. ஊட்டாத. கிட்ட வந்தா போன்னு சொல்லு. புள்ளைங்க மனசு தண்ணி மாதிரி. இங்க அணை போட்டா அந்தப் பக்கம் ஓடிடும்.”

“அய்யோ, எனக்கு எப்பிடிம்மா மனசு வரும்?”

“அப்ப ஏர்போர்ட்டுல உன்னப் புடிச்சிக்கினு கத்தட்டும். அதுக்கு மனசு வருதா? அது நல்லதுக்குத்தான சொல்றேன்.”

 சித்திதான் அப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், தன் குழந்தையின் பாசத்துக்கே வரிசையில் நிற்க வேண்டி வந்தவள் எந்த வாயால் சொல்வாள்?

அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். “நீயும் அவளக் கொஞ்சாத. கேட்டா சித்திய கேளுன்னு சொல்லு. புரிதா?” அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது. நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் பாப்பா சாக்கடையைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, “இன்னிக்கு பச்சமா!” என்றாள். அம்மா திரும்பவில்லை. இன்னொரு முறை கத்தினாள். “போய் உங்கம்மாகிட்ட சொல்லு. எனக்கு வேலை இருக்குது,” என்றாள் அம்மா. பாப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அப்புறம் புடவையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டாள்.

அன்றைக்கு முழுவதும் தெருவே அதிர அழுதாள். அடுத்த நாளும் அழுதாள். மூன்றாம் நாளிலிருந்து வேறு ஒன்று தொடங்கியது. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கழுவினாள். வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்தாள். தலைவார அவளே சீப்போடு வந்து அசையாமல் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு அம்மா பார்க்கிறாளா என்று பார்ப்பாள். நுங்கு வாங்கிய ஒரு நாள் தன் பங்கில் பாதியைச் சாப்பிடாமல் வைத்திருந்து, கையில் சாறு வழிய வழிய அடுப்படிக்கு எடுத்துப் போனாள்.

“நான் சமத்தா இருக்கேன்மா,” என்றாள்.

“எனக்கு வேணாம். போ,” என்றாள் அம்மா.

பாப்பா அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். நானும் வேண்டாம் என்றேன். எனக்குச் சொல்லப்பட்டது அதுதான். அவள் அதைச் சாப்பிடவும் இல்லை, கீழே போடவும் இல்லை. எறும்பு மொய்க்கும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

பெருமாள் கோயில் கருட சேவை வந்தது. நாம் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள்தான், ஆனாலும் கருட சேவைக்கு வேடிக்கை பார்க்கப் போகாத வீடு காஞ்சிபுரத்தில் ஏது? அப்பா ஸ்பெஷல் பஸ் டியூட்டியில் இருந்தார். அம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். சித்தி ஒரு கையில் பாப்பாவையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு விடியற்காலைக் கூட்டத்தில் நின்றாள். குடைகள் ஆடி ஆடி வந்தன. வாணவேடிக்கைப் புகையும் துளசியும் வியர்வையும் கலந்த வாசனை. எல்லோரும் கையைத் தூக்கிக் கும்பிட்ட அந்த நொடியில் சித்தியும் தன்னையறியாமல் கையைத் தூக்கினாள் போலிருக்கிறது. குனிந்து பார்த்தபோது பாப்பா இல்லை.

சித்தி கத்திய கத்தல் மேளத்தில் அமுங்கிப் போயிற்று. அவளுக்கு அந்தக் குழந்தையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்றுகூடக் குழப்பம். ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கத்தினாள்; பாப்பாவுக்கு அது தன் பெயர் என்றே தெரியாது. வெயில் ஏறும்வரை தேடிவிட்டு, அம்மாவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினோம். கடைசியில் அப்பாவே அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பச்சைப் புடவை கட்டிய யாரையோ அம்மா என்று நினைத்துப் பின்னாலேயே போயிருக்கிறாள். அது அம்மா இல்லை என்று தெரிந்ததும், வழியெல்லாம் “எங்கப்பா பஸ்ஸு எங்க?” என்று கேட்டுக்கேட்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து சேர்ந்துவிட்டாள். டைம்கீப்பர் அடையாளம் கண்டு உட்காரவைத்திருக்கிறார்.

அப்பா இறக்கிவிட்டதும் பாப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். “அம்மா, நா அழவே இல்லமா!”

அம்மா அறைந்தாள். அதுவரை அவளை அடித்ததே இல்லை. அது டீச்சரம்மா சொல்லிக் கொடுத்ததில் சேர்ந்தது அல்ல. பயம், அவ்வளவு நேரம் அடக்கி வைத்த பயம். எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது. அறைந்த கையை அம்மா முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதைப் பார்த்தோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எது நடிப்பு எது பயம் என்று எப்படித் தெரியும்?

பாப்பா அழவில்லை. அம்மாவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து போய்ச் சித்தியின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் டீச்சரம்மா வந்து, சித்தி பக்கத்தில் பாப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். “பாத்தியா? வழிக்கு வந்துடுச்சி,” என்றார். எல்லோரும் அதை நம்பினோம். அதற்குப் பிறகு பாப்பா சித்தி ஊட்டியதை உடனே விழுங்கினாள். சித்தி பக்கத்தில் படுத்தாள். மேலே படாமல் பாயின் ஓரத்தில். சாக்கடையைப் பார்க்கப் போகவில்லை. ‘ஒட்டிக்கொண்டது’ என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அடங்கிப்போவதற்கும் ஒட்டிக்கொள்வதற்கும் வித்தியாசம் சொல்ல அந்த வீட்டில் பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

புறப்பட்ட அன்று கார் வாசலில் நின்றது. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பாப்பா புதிதாக வாங்கிய கவுனில் அடுப்படி நிலையருகே போய் நின்றாள்.

“நான் போயிட்டு வரட்டுமா?” என்றாள். அம்மா என்ற சொல் அதில் இல்லை.

“ம்,” என்றாள் அம்மா, முதுகைக் காட்டியபடி.

மீனம்பாக்கம்வரை நானும் அப்பாவும் போனோம். பாப்பா வழியில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போகும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். பார்க்கவில்லை. “பரவால்ல, பழகிடுச்சி,” என்றார் அப்பா. 

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “அழுதுச்சா?”

“இல்ல.”

“நல்லது,” என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அம்மா பக்கத்தில் படுக்கும் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது, மறைத்துப் பயனில்லை. இரண்டு நாள் கழித்து எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா, “அசையாத பாப்பா,” என்றாள். சொல்லிவிட்டுப் பாதிப் பின்னலை அப்படியே விட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மீதியை நானே பின்னிக்கொண்டேன்.

டீச்சரம்மா வீட்டில் போன் இருந்தது. மாதம் ஒரு முறை சித்தி கூப்பிடுவாள். அம்மா ஈரக்கையோடு ஓடுவாள். பாப்பா மட்டும் போனுக்கு வரமாட்டாள். “ரொம்ப நல்ல பொண்ணுக்கா,” என்பாள் சித்தி. “ஒரு தொந்தரவு இல்ல. ஒண்ணு வேணும்னு கேட்டது கெடயாது. ஸ்கூல்லகூட ரொம்ப அமைதின்னு சொல்றாங்க.” அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். தன் வளர்ப்பு அப்படி என்று.

பிறகு அங்கே சித்திக்கு ஒரு பையன் பிறந்தான். அவனைச் சித்தியே வளர்த்தாள். போனில் அவன் கூச்சல்தான் முதலில் கேட்கும். அவன் சாமானை உடைத்தான், கதவைச் சாத்திக்கொண்டான், அம்மாவோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தான். “இது ரவுடிக்கா, இவ தங்கம்,” என்று சித்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்களும் அந்தப் பையனுக்காகக் கவலைப்பட்டோம். தன்னை யாரும் எங்கும் அனுப்பிவிட மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் அவன் கத்துகிறான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு அந்த ரவுடிதான் சித்திக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்துக்கொண்டு, தினமும் வந்து அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறான். தங்கம் பதினேழு வயதில் வெளியூருக்குப் படிக்கப் போனது. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் செய்யும், அவ்வளவுதான்.

அம்மா இறந்தபோது பாப்பா வரவில்லை. போன் செய்யவும் இல்லை. அப்போது நீங்களெல்லாம் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. “அங்க வளர்ற புள்ளைங்களுக்குப் பாசம்னா இன்னான்னு தெரியாது.” உங்களைக் குறை சொல்லவில்லை. நானே உங்களுக்கு முன்னால் அதைச் சொன்னேன்.

மூன்று வருஷத்துக்கு முன் மகளின் பிரசவத்துக்கு நான் அமெரிக்கா போனேன். நான் வந்திருப்பதைச் சித்தி சொல்லி, ஒரு சனிக்கிழமை பாப்பா தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயதுப் பெண். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தாள். தமிழ் புரிகிறது, பேச வருவது கொஞ்சம்தான். மகளின் குழந்தையைத் தூக்கச் சொன்னேன். வேண்டாம், அழும் என்று தள்ளியே உட்கார்ந்துகொண்டாள். சோபாவின் நுனியில்தான் உட்கார்ந்தாள். காபி குடித்ததும் எழுந்துபோய்க் கப்பைக் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு இரண்டு கல்யாணம் நடந்து இரண்டும் முறிந்திருந்தன. இரண்டு முறையும் தானேதான் முதலில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். அவர்கள் போகச் சொல்லும்வரை காத்திருக்கத் தன்னால் முடியாது என்றாள்.

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். “நீ சின்ன வயசுலேர்ந்தே சமத்துமா,” என்று சொல்லி வைத்தேன்.

அந்தச் சொல் அவளுக்கு மறக்கவில்லை. முகம் மாறிவிட்டது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்சம் ஆங்கிலமும் கொஞ்சம் தமிழுமாகக் கேட்டாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். அம்மாக்கு என்னை ஏன் பிடிக்காம போச்சு? நான் என்ன பண்ணேன்? நிறைய யோசிச்சேன். ஒண்ணும் ஞாபகம் வரல.”

அவள் அம்மா என்றது என் அம்மாவை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சரம்மா சொன்னது, கிணற்றடியில் அம்மா என்னிடம் சொன்னது, அறைந்த கையை மறைத்துக்கொண்டது, அடுப்படியில் முதுகு காட்டி நின்றவள் அன்று முழுவதும் சாப்பிடாதது. சொல்லச் சொல்ல அவள் மனம் லேசாகும், என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். நாம் பார்த்த படங்களில் அப்படித்தானே நடக்கும்.

“அப்ப அது நடிப்பா?” என்றாள்.

“ஆமாம்மா. உன் நல்லதுக்குன்னுதான்…”

“எல்லாருக்கும் தெரியுமா? மம்மிக்கும் தெரியுமா?”

“சித்திக்கும் தெரியும்.”

 பக்கத்து அறையில் என் பேத்தி சிணுங்கத் தொடங்கி, தானாகவே அடங்கிப்போனாள்.

“ஒரு போன் போதுமே அக்கா,” என்றாள். “இத்தனை வருஷத்துல யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாமே.”

  எங்கள் வீட்டிலும் போன் வந்தது, பிறகு கையிலேயே வந்தது. அந்தக் கேள்வி அவளுக்கு இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அழாத பிள்ளைக்குக் குறையே இல்லை என்று நினைத்துவிட்டோம். அவள் போகும்போது வாசலில் என் கையைத் தொட்டாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எப்போதாவது கூப்பிடுவாள். இரண்டு நிமிஷம் பேசுவாள்.

இந்த வருஷம் நடந்தது உங்களுக்கே தெரியும். மகளும் மாப்பிள்ளையும் பிரிந்துவிட்டார்கள். அவர் வேறு மாநிலத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். குழந்தையை வைத்துக்கொண்டு ஒண்டியாக அவளால் சமாளிக்க முடியவில்லை. “அடுத்த கோடை வரைக்கும் நீ வச்சிக்கோம்மா. வேலை நிலைச்சதும் கூட்டிக்கினு வந்துடறேன்,” என்றாள். நான் போயிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். அவரை விட்டு எங்கே போவது? முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் ஒரு குழந்தை இருக்கும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. என் அம்மாவுக்கு இருந்த அதே ஆசை. சம்மதித்தேன். செய்தது சரியா என்று இந்த நிமிஷம்வரை தெரியவில்லை.

ஒன்று மட்டும் மகளிடம் சொன்னேன். நீயே கூட வா, சில வாரம் இரு, போகப் போகிறாய் என்பதைக் குழந்தையிடம் உன் வாயால் தினமும் சொல்லு என்றேன். சொன்னாள். மூன்று வயதுக்கு எவ்வளவு ஏறியிருக்குமோ. புறப்படும் அன்று மத்தியானம் பேத்தி தூங்கிவிட்டாள். கார் வந்து நின்றது. மகள் அழுதுகொண்டே, “தூங்கறா. அப்பிடியே கெளம்பிடறேன்மா. எழுப்புனா என்னால போவ முடியாது,” என்றாள்.

நான் போய்க் குழந்தையை எழுப்பினேன்.

அந்தக் கூச்சலுக்கு நீங்களெல்லாம் வாசலுக்கு வந்தீர்கள். குழந்தை அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தரையில் புரண்டது. காரின் கதவை உதைத்தது. தெருமுனையில் கார் திரும்பிய பிறகு என் முழங்கையைக் கடித்தது. “தூங்குற புள்ளய எழுப்பி அழவுடறியே, நீயெல்லாம் பொம்பளையா?” என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். கேட்டவரை நான் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம்வரை அழுதாள். “உங்கம்மா போயிட்டா. உனக்குக் கோவம், எனக்குத் தெரியும். நாளைக்குக் காலைல போன்ல வருவா. நீ ஒண்ணும் தப்பு பண்ணல,” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதைக் காதில் வாங்காமல் இன்னும் உரக்கக் கத்தினாள்.

அப்போது போன் அடித்தது. பாப்பா. அவளுக்கு அங்கே விடிகிற நேரம்.

“யார் அழறது?” என்றாள்.

“பேத்தி. அவ அம்மா ஊருக்குப் போயிட்டா. மத்தியானத்துலேர்ந்து நிறுத்தல. நீ அப்புறமா கூப்புடும்மா, ஒண்ணும் காதுல விழாது.”

“அவளை நிறுத்தாதீங்க அக்கா,” என்றாள். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, “வைக்காதீங்க. நான் கேக்கறேன்,” என்றாள்.

நான் போனைக் குழந்தையின் பக்கம் திருப்பித் தரையில் வைத்தேன்.